இரண்டாவது கட்டத்தில் ஒரு பெயர்

அத்தியாயம் 11

“ஒரு கேள்வி கேட்டா உன்ட வாய் தேஞ்சி போயிருமா அஞ்சலின்?”

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னிடம் கேட்டது இது. கொப்பியில் நான் செய்திருந்த கணக்குகள் எல்லாம் சரி. விளங்காத ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டு, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். டீச்சர் அந்தப் புள்ளியைக் கண்டுவிட்டார். வகுப்பு சிரித்தது. அடுத்த வருஷம் கொரோனாவுக்குப் பூட்டின பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை.

புதன்கிழமை காலையில் அண்ணாவின் ஆட்டோவில், வாகனப் பதிவுக் கந்தோர் இருக்கும் கச்சேரிக்குப் போகும்போது அந்தக் கேள்விதான் காதுக்குள் கிடந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறந்து ஒன்று கேட்டே ஆகவேண்டும். “இந்தக் காருக்கு மேல கடன் இருக்கா மிஸ்?” அவ்வளவுதான். தன்னாமுனையில் ஏறியதிலிருந்து சத்துருக்கொண்டான் தாண்டும் வரைக்கும் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கார் என்றால் காத்தான்குடி நுஸ்ரா ராத்தாவின் வெள்ளை அல்டோ. போன ஞாயிறு அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. அப்பா டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். அம்மா பின் சீற்றில் ஏறி, இறங்க மனமில்லாமல் அப்படியே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார் புரோக்கர் அழகரத்தினம். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டே வாக்குக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை பின்னேரம் அட்வான்ஸ் என்று பேச்சு.

காசு சர்மிளா அக்காவுடையது. குவைத்தில் ஒரு வீட்டில் ஐந்து வருஷம் சட்டி கழுவி, நாலு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துச் சேர்த்தது. போதாததற்கு அண்ணாவின் ஆட்டோவை விற்பது, பிறகு அண்ணா காரையே ஹயருக்கு ஓடுவது, மாதத்தில் ஒரு நாள் அப்பாவை நெஞ்சு கிளினிக்குக்கு மழை படாமல் கொண்டுபோவது. இப்படித்தான் முடிவாகியிருந்தது.

போனில் அக்காதான் ஒரு கொழுக்கியைப் போட்டாள். அவளோடு வேலை செய்யும் ஒருத்தியின் புருஷன் ஊரில் வான் ஒன்று வாங்கினானாம். மூன்றாம் மாதம் பினான்ஸ்காரர்கள் வந்து, பிள்ளையின் புத்தகப் பை உள்ளே கிடக்க வானை இழுத்துப் போனார்களாம். கடன் பட்டது பழைய சொந்தக்காரன். வான் போனது இவனுக்கு. கொடுத்த காசும் போனது.

“புரோக்கர் காட்டின போட்டோக் கொப்பிய நம்பவேணாம்பா,” என்றாள் அக்கா. “அஞ்சலினக் கச்சேரிக்கு அனுப்புங்க. அவள்தான் எழுத்துக்கு எழுத்து வாசிப்பாள்.”

வாசிப்பேன். கேட்பதுதான் கஷ்டம்.

ஆட்டோவில் அப்பா என் பக்கத்தில் இருந்தார். அண்ணா முன்னால். ஒருவரையொருவர் கை நீட்டித் தொடலாம். ஆனால் ஈஸ்டரிலிருந்து இரண்டு பேரும் நேரே பேசுவதில்லை. எல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும்.

“இவன்ட்டச் சொல்லு புள்ள, பள்ளத்தப் பாத்து ஓடச்சொல்லி.”

“அண்ணா, பள்ளத்தப் பாத்து ஓடட்டாம்.”

“பள்ளம் எங்க எண்டு காட்டச் சொல்லு. நானும் பாக்கன்.”

றோட்டு புதிதாகத் தார் போட்டது. நான் இரண்டு பக்கத்துக்கும் சிரிக்காமல் இருந்தேன்.

ஈஸ்டர் அன்றைக்கு அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்ன வார்த்தை அப்படி. மாசியில் அவருக்கு நெஞ்சு ஒப்பரேசன் நடந்தது. இங்கே பெரியாஸ்பத்திரியில் இனிக் காத்திருக்க ஏலாது என்று சொல்லி, கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காசு அக்கா அனுப்பினது என்று அண்ணா சொன்னான். அப்பா அதைத்தான் திருப்பிச் சொன்னார்: “ஒரு பொம்பளப் புள்ள அரபு நாட்டில கிடந்து அனுப்பின காசிலதான் என்ட நெஞ்சு அடிக்குது. நீ ஆட்டோக்குள்ள கால நீட்டிப் படுத்திருக்காய்.”

அண்ணா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினான். அதிலிருந்து இப்படித்தான்.

அதன்பிறகு அக்கா எடுக்கும்போதெல்லாம் அப்பா அந்த உதவியைப் பற்றித் தொடங்குவார். “அதெல்லாம் எதுக்கப்பா இப்ப,” என்று அக்கா கதையை மாற்றிவிடுவாள். நல்ல மனசு என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஆறுவார்.

கச்சேரி வாசலில் அண்ணா எங்களை இறக்கினான். உள்ளே வரவில்லை. செங்கலடிக்கு ஒரு ஹயர் இருக்கிறதாம், பின்னேரம் வந்து ஏற்றுகிறானாம். அப்பா என்னைப் பார்த்து, ஆட்டோவின் பதிவுப் புத்தகத்தை அழகரத்தினம் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எங்கே என்று கேட்கச் சொன்னார். நான் கேட்க முதலே அண்ணா சொல்லிவிட்டான்: “லேமினேட் பண்ணக் கடையில குடுத்திருக்கன்.”

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் முக்கியமான கடுதாசி என்றால் முதல் வேலை பிளாஸ்டிக் உறைக்குள் அடைப்பதுதான். ஞானஸ்நானப் பத்திரம், அப்பாவின் பென்சன் கடிதம், எல்லாம் அப்படித்தான். என்னுடைய பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தையும் அம்மா லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார். நான் படிப்பை விட்டதற்கு அத்தாட்சி, ஏதோ பரிசு வாங்கினது மாதிரிப் பளபளத்துக்கொண்டு அலுமாரிக்குள் இருக்கிறது.

மோட்டார் போக்குவரத்துக் கந்தோரில் அப்பாவை மின்விசிறிக்குக் கீழே இருந்த நீள வாங்கில் இருத்திவிட்டு நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருவராகக் குறையக் குறைய, பாடமாக்கி வைத்த வசனமும் தலைக்குள் குறைந்துகொண்டு வந்தது. யன்னலுக்கு முன்னால் நிற்கும்போது ஒரு சொல்லும் மிச்சமில்லை. கார் நம்பர் எழுதின துண்டை உள்ளே தள்ளினேன்.

அங்கே இருந்தவரின் பெயர்ப் பலகையில் மங்கையற்கரசி என்று இருந்தது. துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நம்பர் சரி புள்ள. இத வெச்சி நான் என்ன செய்ய? வாயால சொல்லும்.”

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். புத்தகப் பை கிடக்கும் அந்த வான் என் கண்ணுக்கு முன்னால் போனது.

“இந்தக் கார வாங்கப்போறம் மிஸ். இதுக்கு மேல கடன் இருக்கா எண்டு பாக்கவேணும்.”

வாய் தேயவில்லை.

அவர் ஒரு படிவத்தைத் தந்தார். நிரப்பிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்ததும் ஒரு தாளை அச்செடுத்து யன்னலுக்குள்ளால் காட்டினார். அதில் சொந்தக்காரருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டம் வாகனத்தை வைத்து ஓடுகிறவருக்கு. அதற்குள் நுஸ்ரா ராத்தாவின் பெயர் இருந்தது. இரண்டாவது கட்டம் வாகனத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு. கடன் இல்லையென்றால் அது வெறுமையாக இருக்கவேண்டும்.

வெறுமையாக இல்லை. ஒரு பினான்ஸ் கம்பனியின் பெயர், முழு நீளத்துக்கு.

“இந்தப் பேர் இதுல இருக்கும்வரைக்கும் கார் அவங்கடதான்,” என்றார் மங்கையற்கரசி மிஸ். “வாங்கிறதெண்டா முதல்ல இத எடுப்பிச்சிப்போட்டு வாங்குங்க.”

அப்பாவிடம் தாளைக் கொண்டுபோனேன். அவர் வாசித்தார். திரும்பவும் மேலிருந்து வாசித்தார். அழகரத்தினம் காட்டிய போட்டோக் கொப்பியில் அந்த இடம் மடிந்து கறுப்பாக விழுந்திருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். ‘பிள்ளைட அஞ்சு வருஷம்’ என்று மட்டும் சொன்னார். கை நெஞ்சுப் பக்கம் போனது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்துவிட்டு, அவருடைய போனை வாங்கி நானே அழகரத்தினத்துக்கு எடுத்தேன்.

அவர் நுஸ்ரா ராத்தாவின் வீட்டில்தான் இருந்தார். கடன் கட்டி முடிந்த கதை, தன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவதாகச் சொன்னார். அவர் தலை எனக்கு வேண்டாம். தாளில் பெயர் இருக்கிறது என்றேன். போனை ராத்தா வாங்கினார். ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நில்லுங்க மகள். ஒரு இடத்துக்கும் போயிராதீங்க. இப்ப வாறன்.”

முக்கால் மணித்தியாலத்தில் அதே வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அழகரத்தினம் ஓட்டி வந்தார். ராத்தாவின் கையில் பிஸ்கட் டின் ஒன்று. அப்பாவுக்கு முன்னால் வாங்கில் இருந்து டின்னைத் திறந்தார். பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களுக்கு அடியில், தடித்த பிளாஸ்டிக்குக்குள், அந்தக் கம்பனியின் கடிதம் இருந்தது. கடன் முழுதாகக் கட்டி முடிந்தது, வாகனத்தின் மேல் கம்பனிக்கு இனி உரிமை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய திகதி.

“புள்ளைகள்ட வாப்பா கத்தாருல வெயிலுக்க நிண்டு மாசாமாசம் கட்டினது,” என்றார் ராத்தா அப்பாவிடம். “கடைசிக் கட்டுக் கட்டின அண்டைக்கு இந்தக் கடுதாசியத் தந்தாங்க. கறையான் அரிச்சிரும், மழைத்தண்ணி பட்டிரும் எண்டு பயந்து போற வழியிலேயே லேமினேட் பண்ணின. இத இஞ்ச கொண்டுவந்து குடுக்கவேணும் எண்டு ஆரு எனக்குச் சொன்ன?”

கடுதாசி கையில் கிடைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்திருக்கிறார். காரை விற்கிற காசில்தான் மகளின் வீட்டுக்குக் கூரை போடவேண்டும். சுவர் எழும்பிவிட்டது, மழைக்காலம் வரப்போகிறதாம். அவருக்கும் எங்களைப் போலத்தான் நெஞ்சு அடித்திருக்கும்.

நான் கடிதத்தை யன்னலுக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை துண்டு எழுதவில்லை. மங்கையற்கரசி மிஸ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு ரப்பர் சீலை எடுத்துப் பிளாஸ்டிக் மேல் ஒரு குத்துக் குத்தி, பெருவிரலால் துடைத்துக் காட்டினார். மை வழுக்கிக்கொண்டு போனது.

“நான் எங்க சீல் குத்துறது, எங்க பைலில கோர்க்கிறது? மட்டக்களப்பில கடுதாசிய எல்லாரும் இப்பிடித்தான் கொல்லுறீங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கம்பனியின் கிளை ரவுணுக்குள்தான் இருக்கிறது, போய்ச் சொன்னால் புதிதாக ஒன்று அடித்துச் சீல் வைத்துத் தருவார்கள், இரண்டு மணிக்கு முன்னம் கொண்டுவந்தால் இன்றைக்கே பதிவை மாற்றலாம் என்றார்.

ராத்தாவும் அழகரத்தினமும் பறந்தார்கள். அப்பா வாசலில் கச்சான் கடலை வாங்கி, உரித்து உரித்து எனக்குத் தந்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒன்றே முக்காலுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். வெறும் கடுதாசி. அழகரத்தினம் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வியர்வை பட்டுவிடும் என்று ராத்தா அவரை வழி முழுக்க ஏசியிருக்கிறார்.

அரை மணித்தியாலத்தில் புதிய தாள் கைக்கு வந்தது. முதல் கட்டத்தில் நுஸ்ரா ராத்தா. இரண்டாவது கட்டத்தில் ஒரு சிறிய கோடு.

அப்பா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றார். அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். அட்வான்ஸ் அங்கேயே, அந்த வாங்கில் வைத்தே கைமாறியது; ராத்தா ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார்.

எல்லோரும் வெளியே போனார்கள். எனக்கு ஒன்று நினைவுக்கு வந்து திரும்பி யன்னலுக்குப் போனேன். அண்ணாவும் ஆட்டோவின் புத்தகத்தை லேமினேட் பண்ணக் கொடுத்திருக்கிறானே. அதுவும் இப்படிக் கெட்டுப்போனால் ஆட்டோவை எப்படி விற்பது?

ஒரே நாளில் இரண்டாவது கேள்வி. தானாக வந்தது.

மிஸ் ஆட்டோவின் நம்பரைக் கேட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“ஆருட ஆட்டோ?”

“அண்ணாட.”

“லேமினேட் பண்ண அவரிட்டப் புத்தகம் இருக்காதே புள்ள. அது கடன் குடுத்த கம்பனியிட்ட இருக்கு.”

இன்னொரு படிவம் நிரப்பி, அந்தத் தாளையும் எடுத்தேன். இரண்டாவது கட்டத்தில் வேறொரு பினான்ஸ் கம்பனி. திகதி மாசி பதினேழு. நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அண்ணா வந்து எங்களை ஏற்றினான். அப்பா வழி முழுக்க நல்ல குணத்தில் இருந்தார். லேமினேட் கதையை என்னிடம் சொல்வதுபோல் அண்ணாவுக்குச் சொன்னார். அண்ணா சிரிக்கவில்லை. நான் அவனுடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். சீட்டா, குடியா, யாராவது பெண்ணா? அந்தக் கழுத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெயிலில் கறுத்து, கொலர் தேய்ந்து கிடந்தது.

வீட்டில் அம்மா சாப்பிடாமல் காத்திருந்தார். வாவி மீன் குழம்பு, அப்பாவுக்கென்று தனியாக ஒரு நடுத்துண்டு மட்டும் பொரித்தது. கிளினிக்கில் பொரியல் கூடாது என்று சொன்னதிலிருந்து மாதத்தில் ஒரு நாள்தான் அது. இன்றைக்கு நல்ல நாள். அட்வான்ஸ் துண்டை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் இருந்தோம்.

“இவன்ட்டச் சொல்லு,” என்றார் அப்பா அம்மாவிடம். “நாளைக்கு ஆட்டோட புத்தகத்த அழகரத்தினத்திட்டக் குடுக்கவேணும். லேமினேட் பண்ணாம வாங்கச் சொல்லு, சீல் குத்த ஏலாதாம்.”

“கட பூட்டு,” என்றான் அண்ணா சோற்றைப் பார்த்துக்கொண்டு. “நாளைக்கும் பூட்டு.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஏழு வருஷமாக அப்படித்தான் இருந்தேன். ஆனால் நாளைக்கு அழகரத்தினம் வருவார், நாளை மறுநாள் ஆட்டோவை வாங்குகிறவன் வருவான். அவனுடைய வீட்டிலும் யாராவது ஒருத்தி குவைத்தில் இருப்பாள். பைக்குள்ளிருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தேன்.

“அண்ணா, மாசி பதினேழுல என்னத்துக்குக் கடன் எடுத்தீங்க?”

அண்ணாவின் கை சோற்றில் நின்றது. அம்மா தாளைப் பார்க்கவில்லை. திகதியை மட்டும் வாய்க்குள் திருப்பிச் சொன்னார். லூர்து மாதா திருநாள் முடிந்து அடுத்த கிழமை, என்று விரலில் எண்ணினார். பிறகு எண்ணுவதை நிறுத்தினார்.

“அண்டைக்குத்தானே அப்பாவக் கொழும்புக்குக் கொண்டுபோன,” என்றார். “ஜெராட், அது அக்கா அனுப்பின காசு எண்டு நீதானே மனே சொன்னாய்?”

அண்ணா நிமிரவில்லை. “ஆட்டோவ வெச்ச காசு எண்டு சொன்னா ஒப்பரேசன் செய்யவே விட்டிருக்க மாட்டார். அக்காட்டயும் நான்தான் சொல்லி வெச்சன்.”

சீட்டும் இல்லை, குடியும் இல்லை.

அப்பா இடது கையால் கண்ணாடியைத் தேடிப் போட்டார். தாளைக் கிட்டப் பிடித்து, அந்த இரண்டாவது கட்டத்தை வாசித்தார். திகதியை வாசித்தார். தாளை வைத்த கை, சட்டை இல்லாத நெஞ்சில், தழும்பின் மேல் போய் நின்றது.

பிறகு தன் கோப்பையில் தொடாமல் வைத்திருந்த பொரித்த நடுத்துண்டை எடுத்து, அண்ணாவின் கோப்பையில் வைத்தார்.

எழும்பிக் கை கழுவினார். கொடியில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தாளை மடித்துப் பொக்கெற்றில் வைத்தார். மாதா படத்துக்கு முன்னால் இருந்த அட்வான்ஸ் துண்டையும் எடுத்தார்; காரை விட்டு ஆட்டோவை மீட்கப் போகிறார் என்று எனக்குப் பட்டது. இந்த வெயிலுக்குள் எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்டார். அண்ணா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வாசல் வரைக்கும் வந்தான்.

அப்பா கேற்றைத் திறந்து, திரும்பவும் கவனமாகச் சாத்தி, காத்தான்குடி போக பஸ் றோட்டுப் பக்கம் நடந்தார்.